ஃபோர்த் முதல் டே வரை

எடின்பரோவிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் டால்மெனி என்ற சின்ன நிலையம் வந்துவிடுகிறது. அங்கே இறங்கிச் செங்குத்தான படிகளில் கீழே போனால் சவுத் குவீன்ஸ்ஃபெரி என்ற கரையோர ஊர். ஃபோர்த் ஆறு வடகடலில் சேருமுன் அகன்று பரந்து கிடக்கும் இடம் இது. அதன் குறுக்கே மூன்று பெரிய பாலங்கள், ஒரே பார்வையில் அடங்கும்படி நிற்கின்றன. கிழக்கே 1890இல் திறந்த ரயில் பாலம். நடுவே 1964இல் திறந்த தொங்கு பாலம். மேற்கே 2017இல் திறந்த குவீன்ஸ்ஃபெரி கிராஸிங். பயணிகள் கூட்டமெல்லாம் முதல் பாலத்துக்குத்தான். சிவப்பு வண்ணம் பூசிய அந்த இரும்பு மலையை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நான் வந்தது நடுப் பாலத்தைப் பார்க்க. வண்டிகளைச் சுமந்துகொண்டே உள்ளுக்குள் நலிந்துவந்த அந்தப் பாலத்தை எப்படிக் காது கொடுத்துக் கேட்டார்கள், எந்தக் கட்டத்தில் மூடினார்கள் என்பதை அந்த இடத்திலேயே நின்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

கூட வந்தவன் என் தம்பி மகன். படிக்க வந்து இங்கேயே வேலையில் தங்கிவிட்டவன். வடகரையில் டன்ஃபர்ம்லினில் வீடு, எடின்பரோவில் அலுவலகம். வேலை நாட்களில் இந்த நீரைக் கடக்காமல் அவனுக்குப் பொழுது விடியாது. "பெரியப்பா, மேல காத்து பேயா அடிக்கும். இதையும் போட்டுக்குங்க" என்று தன்னிடமிருந்த இன்னொரு கோட்டையும் என் தோளில் போட்டுவிட்டான்.

தொங்கு பாலத்தில் இப்போது கார், லாரி போவதில்லை. அவையெல்லாம் புதிய பாலத்துக்கு மாறிவிட்டன. பேருந்து, டாக்ஸி, சைக்கிள், நடந்து போகிறவர்கள், இவர்களுக்கு மட்டும் இது. ஓரத்து நடைபாதையில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. கரையை விட்டுத் தள்ளிப் போகப் போகத் தளம் அசைவது காலுக்குத் தெரிய ஆரம்பித்தது. எதிரே ஒரு மாடிப் பேருந்து வந்தது. அது எங்களைக் கடக்கும்போது பாதத்துக்கடியில் ஒரு தாழ்வு, போனபின் ஒரு மெல்லிய எழுச்சி, அதன் பிறகு சின்னச் சின்ன அதிர்வுகள் தேய்ந்து தேய்ந்து அடங்கின. புதிதாக நடப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. தொங்கு பாலம் வளைந்து கொடுத்துத்தான் பாரம் தாங்கும். வண்டி போகும்போது எவ்வளவு வளைகிறது, போனபின் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா, போன வருடத்தைவிட இந்த வருடம் கூடுதலாக வளைகிறதா என்பவைதான் கேட்கவேண்டிய கேள்விகள். பாலத்தின் உடல்நிலையைக் கண்காணிப்பது என்று பொறியாளர்கள் சொல்வதன் சாரம், போக்குவரத்தை நிறுத்தாமல் இந்தக் கேள்விகளை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருப்பது.

பாலத்தின் நடுப் பகுதிக்கு வந்தபோது, 150 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கோபுரத்து உச்சியிலிருந்து இறங்கி வரும் பெருவடம் எங்கள் பக்கத்தில் வந்துவிட்டது. சுமார் 60 செ.மீ. விட்டம். இரண்டு கைகளாலும் கட்டிப்பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடாது. மேலே ரப்பர் போன்ற ஓர் உறையை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுருள் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். உள்ளே 5 மி.மீ. தடிமனில் 11,618 எஃகுக் கம்பிகள். பக்கத்துக்கு ஒன்றாக இப்படி இரண்டு வடங்கள். கோபுரத்துக்குக் கோபுரம் 1,006 மீட்டர் நீளும் தளத்தை இந்த இரண்டும்தான் தூக்கிப் பிடித்திருக்கின்றன. வடத்திலிருந்து தளத்துக்கு இறங்கும் தொங்கு கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றிவிடலாம், மாற்றியும் இருக்கிறார்கள். தளத்தைத் துண்டு துண்டாகச் சீர்செய்யலாம். பெருவடத்தை மட்டும், மேலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

1964இல் எலிசபெத் அரசி இதைத் திறந்துவைத்தபோது அமெரிக்காவுக்கு வெளியே இதைவிட நீளமான தொங்கு பாலம் கிடையாது. ஆண்டுக்கு 1.1 கோடி வண்டிகள் என்று எண்ணிக் கட்டியது, பின்னாளில் 2 கோடிக்கு மேல் சுமந்தது. லாரிகளும் 44 டன் வரை பெருத்துவிட்டன. 120 ஆண்டு இருக்கவேண்டிய பாலம் இது. நாற்பதை எட்டும் வேளையில், அமெரிக்காவில் பழைய தொங்கு பாலங்களின் வடங்களுக்குள் துரு கண்ட அனுபவத்தை ஒட்டி, இங்கும் வடத்தைத் திறந்து பார்த்தார்கள். சுற்றியிருந்த கம்பியை அவிழ்த்து, ஆப்பு அடித்து, கம்பிக் கட்டை நடுவரை பிளந்து பார்க்கிற வேலை அது. உள்ளே ஈரம், துரு, ஆங்காங்கே அறுந்த கம்பிகள். வடம் தன் பலத்தில் 8 முதல் 10 சதவீதம் வரை இழந்துவிட்டிருந்தது. துரு இதே வேகத்தில் போனால் பத்தாண்டுக்குள் கனரக லாரிகளை நிறுத்த வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. பக்கத்தில் இன்னொரு பாலம் கட்டும் முடிவுக்கு அரசைத் தள்ளியது இந்தக் கணக்குதான்.

அதன்பின் செய்த இரண்டு காரியங்களும் எனக்குப் பெரும் மரியாதை ஏற்படுத்துபவை. முதலாவது, வடத்துக்கு உலர்ந்த காற்று கொடுத்தது. காற்றின் ஈரப்பதம் சுமார் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எஃகு துருப்பிடிப்பது கிட்டத்தட்ட நின்றுவிடும். நான் பார்த்த அந்த உறையைச் சுற்றிக் காற்றுப் புகாமல் மூடி, இயந்திரம் வைத்து உள்ளே உலர்காற்றைச் செலுத்துகிறார்கள். அறுந்த கம்பி ஒட்டாது, இழந்த பலம் திரும்பாது; இருக்கிற பலத்தைக் காப்பாற்றலாம். 2012இல் மறுபடி திறந்து பார்த்தபோது நலிவு கட்டுக்குள் வந்திருந்தது தெரிந்தது.

இரண்டாவது, வடத்துக்குக் காது வைத்தது. 2006இல் வடத்தின் நீளத்துக்கும் ஒலியுணர் கருவிகளைப் பொருத்தினார்கள். இழுவிசையில் இருக்கும் ஒரு கம்பி அறும்போது அதில் அடைபட்டிருந்த விசை ஒரு நொடியில் விடுபடுகிறது. அந்த ஒலி எஃகு வழியாக இரண்டு பக்கமும் ஓடுகிறது. எந்தக் கருவிக்கு முதலில் எட்டியது, அடுத்ததற்கு எவ்வளவு தாமதமாக எட்டியது என்ற கால வேறுபாட்டை வைத்து, கம்பி அறுந்த இடத்தைக் கணித்துவிடலாம். மேலே லாரி போகும் சத்தம், தளத்து இணைப்புகள் தடதடக்கும் சத்தம், காற்றின் ஓலம் எல்லாவற்றுக்கும் நடுவே 11,618இல் ஒன்று அறும் சத்தத்தைத் தனியே பிரித்தெடுப்பதுதான் சாமர்த்தியம். ஒரு கம்பி அறுந்தால் பாலத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. அறுந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, சுற்றியுள்ள கம்பிகளின் பிடியில் அதுவே மறுபடி பாரம் ஏற்கத் தொடங்கிவிடும். ஆனால் இந்த மாதம் எத்தனை அறுந்தன, ஒரே இடத்தில் அடுத்தடுத்து அறுகின்றனவா என்ற கணக்கு பாலத்தின் போக்கைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக் கேட்பதில் வேறொரு வழியும் உண்டு. சந்தையில் மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோமே, விரிசல் இருந்தால் ஓசை மாறும் என்று. பாலத்துக்கும் அப்படி அதற்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. ஓடும் வண்டிகளே அதைச் சுண்டிவிடுகின்றன. அதிர்வை அளக்கும் கருவிகள் பாலத்தில் இருந்தால் அந்த எண்ணை எந்நேரமும் கணக்கிடலாம். பாலத்தின் விறைப்பு குறைந்தால் எண் இறங்கும். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் வெயிலும் குளிரும் அதே எண்ணை ஏற்றி இறக்குகின்றன. சுவிட்சர்லாந்தில் இசட்24 என்ற பழைய பாலத்தை 1998இல் இடிப்பதற்குமுன் ஏறத்தாழ ஒரு வருடம் தொடர்ந்து அளந்தார்கள். குளிர்காலத்தில் தார் உறைந்து இறுகியதில் பாலத்தின் அதிர்வெண் கணிசமாக ஏறியது. தட்பவெப்பம் செய்த மாற்றத்தைக் கழித்த பிறகுதான், அவர்கள் வேண்டுமென்றே ஏற்படுத்திய சேதத்தைக் கண்டுகொள்ள முடிந்தது. கருவி வாங்கி மாட்டிய மறுநாளே பாலம் பேசிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். கோடையும் குளிரும் மழையும் ஒரு சுற்று வந்து, நல்ல நிலையில் பாலம் எப்படி நடந்துகொள்கிறது என்று பதிவாகியிருந்தால்தான், பின்னாளில் வரும் மாறுதல் கண்ணில் படும்.

வடபக்கக் கோபுரத்தை நெருங்கும்போது தம்பி மகன் நின்றுவிட்டான். "இந்தக் கோபுரத்துக்குக் கீழதான் பெரியப்பா விரிசல். 2015 டிசம்பர். காலைல பஸ்ஸுக்குப் போனா பாலமே மூடியாச்சுன்னாங்க. ரயில்ல கால் வைக்க இடமில்ல. கிங்கார்டின் பாலம் வழியா சுத்திக்கிட்டுப் போனவங்க பாதி நாள் ரோட்டுலேயே கிடந்தாங்க."

அந்தச் சம்பவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாலத்தின் தளத்துக்கு அடியில் நீளவாக்கில் ஓர் இரும்புச் சட்டம் ஓடுகிறது. கோபுரத்தை அடையும் இடத்தில் அந்தச் சட்டத்தின் முனையை ஓர் இணைப்புத் துண்டு கோபுரத்தோடு பிடித்துக்கொள்கிறது. வெயிலில் தளம் நீளும், குளிரில் சுருங்கும், லாரி ஏறினால் அசையும். அதற்கெல்லாம் இடம்கொடுத்து அந்தத் துண்டு ஒரு தடித்த உருண்டைத் தண்டின்மேல் கீல் மாதிரித் திரும்ப வேண்டும். அரை நூற்றாண்டு ஓட்டத்தில் ஒரு தண்டு இறுகிப்போய்விட்டது. திரும்பவேண்டியது திரும்பவில்லை. போகிற ஒவ்வொரு வண்டியும் அந்த இணைப்பை முறுக்கிவிட்டுப் போனது. நாளொன்றுக்கு சுமார் 70,000 வண்டிகள். எஃகு ஒரே பாரத்தில் உடைவது அபூர்வம். சிறு பாரம் லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால் களைத்துப்போய் விரிசல் விடும். அப்படித்தான் விட்டது.

டிசம்பர் 1ஆம் தேதி வழக்கமான சோதனைக்காகத் தளத்துக்கு அடியில் இறங்கியவர்கள் சுமார் 20 மி.மீ. அகலத்துக்குப் பிளந்திருந்த எஃகைப் பார்த்தார்கள். 3ஆம் தேதி நள்ளிரவோடு பாலம் முழுவதும் மூடப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. பனிக்கால இரவுகளில் கோபுரத்தை ஒட்டிச் சாரம் கட்டி, பிளந்த பகுதியை வெட்டி எடுத்துப் புதிய எஃகு பொருத்தினார்கள். 23ஆம் தேதி காலை கார்களுக்குத் திறந்தார்கள். கனரக லாரிகளுக்கு அனுமதி 2016 பிப்ரவரியில்தான் கிடைத்தது.

வடத்தில் அத்தனை நுட்பமான காதுகள் இருந்தும் இந்த விரிசலை அவை கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேட்க முடியாது. அவை வடத்துக்காக வைத்தவை. விரிசல் விட்டது தளத்தின் கீழ் வேறொரு மூலையில். அதைக் கண்டுபிடித்தது மனிதக் கண். கவசம் மாட்டிக்கொண்டு, குளிரில், விளக்கைப் பிடித்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்த ஒருவரின் கண். கருவிகளைப் பற்றி உயர்வாக எழுதும்போதெல்லாம் இதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் கட்சி. எங்கே கெடும் என்று நாம் முன்கூட்டி யூகித்த இடத்தில்தான் கருவி இருக்கும். யூகிக்காத இடத்துக்கு ஆள்தான் போக வேண்டும்.

அதே சமயம் கண்ணுக்கும் எல்லை உண்டு. பழுது பார்த்தபின் அதே மாதிரியான மற்ற இணைப்புகளிலும் திரிபுமானிகளை ஒட்டினார்கள். தபால்தலையைவிடச் சிறிய மெல்லிய உலோகப் பட்டை அது. எஃகின்மேல் ஒட்டிவிட்டால், எஃகு மயிரிழை அளவு நீண்டாலும் பட்டையும் சேர்ந்து நீளும். அதில் ஓடும் மின்சாரத்துக்குத் தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் எஃகின்மேல் ஏறும் பாரம் தெரிந்துவிடும். 1938இல் அமெரிக்காவில் சிம்மன்ஸ், ரூஜ் என்ற இருவர் தனித்தனியே கண்டுபிடித்தது. இன்றும் பாலக் கண்காணிப்புக்கு முதுகெலும்பு இதுதான். எடை தெரிந்த லாரிகளைப் பாலத்தில் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பும் எவ்வளவு பாரம் வாங்குகிறது என்று அளந்து பார்த்த பிறகுதான் கனரக வண்டிகளை மறுபடி விட்டார்கள்.

மூடியது சரியா, முன்னமே பார்த்திருக்கக் கூடாதா, 2010 வாக்கில் இந்த இணைப்புகளைச் சீரமைக்கும் திட்டம் பணமில்லாமல் ஒதுக்கப்பட்டதே என்றெல்லாம் சண்டை நடந்தது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றக் குழு ஒன்று பொறியாளர்களை வரவழைத்து விசாரித்தது. அந்தக் குறிப்பிட்ட விரிசலை யாரும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று முடிவு சொன்னது. விசாரணைகூட எனக்கு அவ்வளவு பெரிதில்லை. கண்டவர்கள் மேலே சொன்னார்கள், சொன்னதை மேலே இருப்பவர்கள் நம்பினார்கள், சில நாட்களுக்குள் 70,000 வண்டிகளை நிறுத்தும் ஆணை பிறந்தது. இந்தச் சங்கிலி அறாமல் இருந்ததுதான் பெரிது.

புதிய பாலத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மூன்று வெள்ளைக் கோபுரங்கள், விசிறி மடிப்பாய் விரியும் வடங்கள், பார்க்க அழகு. கட்டும்போதே ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணர்கருவிகளை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஒரு வடம் கெட்டால் போக்குவரத்தை நிறுத்தாமல் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். பழைய பாலம் சொல்லிக்கொடுத்த பாடம். இவ்வளவு முன்யோசனையோடு கட்டியும் 2020 பிப்ரவரியில் கோபுரத்திலிருந்தும் வடங்களிலிருந்தும் பனிக்கட்டிகள் கார்கள்மேல் விழ, அதையும் மூட வேண்டி வந்தது. பனி படிவதை அறியும் கருவிகளைப் பொருத்தியது அதன் பிறகு.

மறுநாள் எடின்பரோவிலிருந்து டண்டீ போகும் ரயிலைப் பிடித்தேன். தம்பி மகனுக்கு வேலை, தனியாகத்தான் போனேன். இந்த ரயில் முதலில் பழைய ஃபோர்த் ரயில் பாலத்தின்மேல் போகிறது. ஜன்னலுக்கு வெளியே தடித்த எஃகுக் குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே ஓடின. 65 லட்சம் ரிவெட்டுகள், 50,000 டன்னுக்கு மேல் எஃகு. 1890 ஜனவரியில், திறப்பு விழாவுக்குமுன், இரண்டு பார ரயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி இதன்மேல் மெல்ல நகர்த்தினார்கள். இரண்டும் சேர்ந்து 1,800 டன்னுக்கு மேல். பாலம் எவ்வளவு தாழ்கிறது என்று ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தார்கள். இவ்வளவு எஃகு எதற்கு, இவ்வளவு சோதனை எதற்கு என்பதற்குப் பதில் டண்டீயில் இருக்கிறது.

ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடிய ரயில், டே ஆற்றின் முகத்துக்கு வந்து வேகம் குறைத்தது. வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாலத்துக்கு இணையாக, தண்ணீருக்குச் சற்று மேலே, பழைய தூண்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. பாசி படிந்த கல். ஒன்றில் கடற்பறவைகள் உட்கார்ந்திருந்தன. 1878இல் தாமஸ் பவுச் கட்டிய பாலத்தின் மிச்சம் அது. அன்று உலகிலேயே மிக நீளமான பாலம். விக்டோரியா அரசி இதன்மேல் பயணம் செய்தார். பவுச்சுக்கு சர் பட்டம் கிடைத்தது. 1879 டிசம்பர் 28, ஞாயிறு இரவு, புயல் காற்றில் பாலத்தின் நடுப்பகுதி முழுவதும் சரிந்தது. அந்த நேரத்தில் அதன்மேல் ஒரு பயணிகள் ரயில் இருந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. சுமார் 75 பேர் என்று அன்று கணக்கிட்டார்கள். கரையில் இன்று இருக்கும் நினைவுக் கற்களில், உறுதியாகத் தெரிந்த 59 பேரின் பெயர்கள் பொறித்திருக்கின்றன.

அந்தப் பாலம் சொல்லாமல் கொள்ளாமல் விழவில்லை. பாலத்தைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தவர் ஹென்றி நோபிள். செங்கல், கல் வேலை தெரிந்தவர். இரும்பு வேலையில் பழக்கமில்லாதவர். ஆற்றுத் தரையில் மண் அரிப்பதைப் பார்க்கத்தான் முக்கியமாக அவரை வைத்திருந்தார்கள். 1878 அக்டோபரில், தூண்களின் குறுக்குக் கம்பிகள் கடகடவென்று அடித்துக்கொள்வதை அவர் கேட்டார். ஏறிப் பார்த்தால் இணைப்புகள் தளர்ந்திருந்தன. இரும்புத் துண்டுகள் வாங்கிவந்து, இடைவெளிகளில் செருகி அடித்துச் சத்தத்தை நிறுத்தினார். பவுச்சிடம் சொல்லவில்லை. சத்தம் போனால் குறையும் போய்விட்டது என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. வேறுவிதமாக நினைக்க அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அந்தப் பணியில் அவரை வைத்தவர்கள்மேல்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னும் இருந்தது. பாலத்துக்கு வண்ணம் பூசியவர்கள் ரயில் வரும்போது அது ஆடியதைப் பின்னால் விசாரணையில் சொன்னார்கள். தினசரிப் பயணிகளில் ஊரின் முன்னாள் மேயர் ஒருவர், ரயிலின் வேகத்தையும் ஆட்டத்தையும் பற்றி நிலைய அதிகாரியிடம் முறையிட்டுப் பார்த்துவிட்டு, சீசன் டிக்கெட்டையே விட்டுவிட்டார். வார்ப்பிரும்புத் தூண்களில் வார்க்கும்போதே விழுந்த ஓட்டைகளை, தேன்மெழுகு, பிசின், இரும்புத் தூள், விளக்குக் கரி கலந்த ஒரு பசையால் அடைத்து மெருகேற்றியிருந்தார்கள். மேலுக்குப் பார்த்தால் இரும்பு மாதிரியே இருக்கும். தப்பான வடிவமைப்பு, மோசமான கட்டுமானம், மோசமான பராமரிப்பு என்று விசாரணை மன்றம் முடித்தது. ஃபோர்த் ஆற்றுக்கும் பவுச் ஒரு தொங்கு பாலம் வரைந்து வைத்திருந்தார், அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் அந்த இரும்பு மலை. டே பாலம் விழுந்த அடுத்த ஆண்டே பவுச் இறந்துபோனார்.

டண்டீ கரையில் நின்று அந்த அடிக்கட்டைகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த இடத்தில் கேட்ட காது இருந்தது, உணர்ந்த கால்கள் இருந்தன, முறையிட்ட வாயும் இருந்தது. கேட்டதைப் புரிந்துகொள்ளும் அறிவும், ரயிலை நிறுத்தும் அதிகாரமும் அந்தப் பக்கத்தில் எவரிடமும் இல்லை. முதல் நாள் பார்த்த பாலத்தில் அந்த இரண்டும் இருந்தன. கண்காணிப்பு என்று எத்தனை கோடி செலவழித்தாலும், கடைசியில் மூடு என்று சொல்ல ஒருவருக்கு உரிமையும் துணிவும் இல்லாவிட்டால் அந்தக் கருவிகளெல்லாம் விபத்தைப் பதிவுசெய்யத்தான் உதவும்.

இது வெளியூர்க் கதை மட்டும் அல்ல. 2025 ஜூலை 9 அன்று குஜராத்தில் மஹிசாகர் ஆற்றின் மேலிருந்த கம்பீரா பாலம் காலை நேரத்துப் போக்குவரத்தோடு உடைந்து விழுந்து சுமார் 20 பேர் இறந்தார்கள். பாலம் ஆடுகிறது என்று அந்தப் பகுதியினர் முன்பே முறையிட்டிருந்தார்கள். டண்டீயின் முன்னாள் மேயரின் முறையீட்டுக்கு நேர்ந்ததுதான் அவர்களுடையதற்கும் நேர்ந்தது.

நல்ல உதாரணத்துக்கும் தூரம் போக வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதியில் 2018 டிசம்பரில் விரிசல் கண்டார்கள். ரயிலை நிறுத்தி, சரிசெய்து, மறுபடி விட்டார்கள். பிறகு சென்னை ஐஐடி பொருத்திய உணர்கருவிகள் ரயில் போகும்போது ஏற்படும் அதிர்வைத் தொடர்ந்து அளந்துவந்தன. 2022 டிசம்பர் 23 அன்று அவை அபாய அறிவிப்புக் கொடுத்தன. ரயில் நின்றது, அந்தப் பாலத்தில் பிறகு பயணிகள் ரயில் ஓடவே இல்லை. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் போனவர்கள் மண்டபத்திலோ அதற்கு முன்போ இறங்கி, பேருந்து பிடித்து, மூட்டை முடிச்சுகளோடு அல்லாடினார்கள். எவ்வளவு புலம்பினோம்! அந்த அல்லாட்டத்துக்கு ஈடாகக் கிடைத்தது, நூறு வருடத்துக்கும் மேல் கடலில் நின்ற ஒரு பாலம் அந்த அபாய அறிவிப்புக்குப் பிறகு ஒரு பயணியைக்கூடப் பலிவாங்காமல் ஓய்வுபெற்றது.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நீங்கள் தினமும் கடக்கும் பாலத்தில் இதுவரை இல்லாத ஆட்டமோ, சத்தமோ, இணைப்பில் புதிதாக ஓர் இடைவெளியோ தெரிந்தால் தேதியும் இடமும் குறித்து நெடுஞ்சாலைத் துறைக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். கடைசியாக எப்போது சோதித்தார்கள், என்ன கண்டார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்படிச் சோதித்து ஒரு பொறியாளர் உங்கள் ஊர்ப் பாலத்தை மூடினால், சுற்றுவழியில் போக நேரும் அந்த நாட்களில் தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள்.